உத்தரவு மாடியில

தன்னைக் கிழித்து எழுதப்பட்ட பாட்டுக்கு ஊரே இடுப்பை ஆட்டுவதைப் பார்க்கும் பாக்கியம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. சாவி மாமாவுக்கு வாய்த்தது. அதுவும் சலூன் நாற்காலியில், முகம் முழுக்க நுரையோடு, தொண்டைக்குழியில் கத்தி நிற்கும்போது வாய்த்தது. எழுந்து ஓடவும் முடியாது, எச்சில் விழுங்கவும் முடியாது.

சுவர் டிவியில் ஒரு பிரம்மாண்டமான பூட்டு. அதன் துவாரத்துக்குள்ளிருந்து நட்சத்திரப் பாடகி நெளிந்து வெளியே வந்தாள். உடம்பில் தங்க ஜரிகை இருந்தது. துணி எங்கே என்று, ஆயுசில் பாதியைத் தையல் கம்பெனியில் கழித்த மாமாவாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. அவளைச் சுற்றி ஒரு கூட்டம் இளைஞர்கள், ஒவ்வொருவன் இடுப்பிலும் முழ நீளத்துக்கு ஒரு சாவி. வயலின்கள் கொஞ்ச நேரம் அழுதன. பிறகு யாரோ சுவரை இடிப்பதுபோல் தாளம் விழ, அவள் ஆரம்பித்தாள்.

மாமா மாமா கதவத் தொற
மூச்சு முட்டுது மெல்லத் தொற
சாவி உன் இடுப்புல
சாஞ்சுக்கறேன் மடியில

'மூச்சு முட்டுது' வந்த இடத்தில் அவள் பாடவே இல்லை. வெறும் மூச்சுதான் விட்டாள். அந்த மூச்சைக் கேட்டு இளைஞர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மல்லாந்து விழுந்தார்கள்.

"செம பாட்டு சார்" என்றார் சலூன்காரர். "பழைய நாட்டுப்பாடலாம். எழுதினது யாருன்னே தெரியாதாம். முந்நூறு வருஷம் இருக்கும்னு பேட்டியில சொன்னாங்க."

எழுதினவள் இந்த நிமிஷம் தன் வீட்டில் யாருடைய பேண்ட்டுக்கோ ஓரம் அடித்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்ல மாமாவுக்கு நாக்கு துருதுருத்தது. கத்தி இருந்ததால் "ம்" என்றார். கத்தி இல்லாதபோதும் முக்கியமான இடங்களில் அவர் அதிகம் சொன்னது அந்த 'ம்'தான்.

அவர் சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் கேட்டையும் ஸ்டோரையும் பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் மனைவி அங்கே காலர் பிரிவில் இருந்தாள். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, அவர் விட்டுவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மெஷின் சத்தத்தை மீறி "மாமா" என்று கூப்பிட்டாள். வீட்டில் கூப்பிடுவதை அங்கேயும் கூப்பிட்டுவிட்டாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து மொத்தக் கம்பெனிக்கும் அவர் மாமா. இடுப்பில் எந்நேரமும் கொத்து தொங்கியதால் சாவி மாமா.

முதலாளிக்கு ஒரு பயம். சட்டைகளுக்குக் கால் முளைத்து வெளியே நடந்துவிடும் என்று. அதனால் வேலை நேரம் முழுக்கக் கதவை வெளியிலிருந்து பூட்டச் சொல்லியிருந்தார். மாமா பூட்டினார். ஒரு மத்தியானம் இஸ்திரிப் பிரிவில் மோட்டார் கருகிப் புகை பரவியது. உள்ளே இருந்தவர்கள் கதவைத் தட்டினார்கள், இடித்தார்கள். எல்லோருக்கும் முன்னால் அவர் மனைவியின் குரல் கேட்டது: "மாமா, கதவத் தொற." சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. ஆனால் நேரத்துக்கு முன்னால் திறப்பதாக இருந்தால் முதலாளியைக் கேட்டுத்தான் திறக்க வேண்டும். மாமா வெளிப்படியேறி மாடி ஆபீசுக்கு ஓடினார். முதலாளி போனில் இருந்தார். இவரைப் பார்த்து, கொஞ்சம் இரு என்று ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

மாமா நின்றார்.

விரல் இறங்கியதும் விஷயத்தைச் சொல்லி, உத்தரவு வாங்கி, படிகளில் உருண்டு புரண்டு வந்து திறந்தார். எல்லோரும் உயிரோடுதான் வந்தார்கள். இஸ்திரி போடும் அக்காவை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அன்றைக்குப் போன அவளுடைய பாதி மூச்சு இன்றுவரை திரும்பவில்லை.

மறுநாள் காலையில் ஒருத்தியும் உள்ளே போகவில்லை. கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து பாடினார்கள்.

மாமா மாமா கதவத் தொற
மூச்சு முட்டுது கதவத் தொற
சாவி உன் இடுப்புல
உத்தரவு மாடியில
யாரக் கேட்டுத் தொறப்ப நீ
யாரக் கேட்டுத் தொறப்ப

கட்டியவள் அவர் மனைவி. வீட்டில் 'நீங்க', கேட்டில் 'நீ'. வேலைநிறுத்தம் முடியும்வரை பகலில் அவரை வாசலில் வைத்துக் கிழித்தாள். வீட்டுக்கு வந்து அவருடைய கிழிந்த சட்டையைத் தைத்துக் கொடுத்தாள். கடைசியில் முதலாளி பூட்டைக் கழற்றினார். பாட்டு அங்கே நிற்கவில்லை. பக்கத்துக் கம்பெனிக்குப் போனது, பக்கத்து ஊருக்குப் போனது, போன இடமெல்லாம் கேட்டில் நின்றவன் மாமா ஆனான். எங்கே ஆரம்பித்தது என்பதுதான் மறந்துபோனது. மாமாவுக்கு மறக்கவில்லை. கல்யாண வீடு, ஆஸ்பத்திரி வரிசை, எங்கே போனாலும் யாராவது ஒருத்தி வாய்க்குள் முணுமுணுப்பாள், அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே நடப்பார். வீட்டில் மட்டும் அந்தப் பாட்டு இல்லை. அவர் ஒருமுறை தலையைக் குனிந்துகொண்டு, மாடியில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அவள் "சரி, சாப்பிடுங்க மாமா" என்றாள். அந்தக் கடைசிச் சொல்லைத்தான் அவர் இத்தனை வருஷமாக ஜாமீனாக வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது இந்த ஜரிகைக்காரி வந்து வழக்கையே தள்ளுபடி செய்துவிட்டாள். பாட்டில் குற்றவாளி இல்லை, காதலன்தான் இருக்கிறான். சலூனிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது மாமாவின் முதுகு நிமிர்ந்திருந்தது. இடுப்பும் லேசாக ஆடியிருக்கலாம்; அதைப் பற்றி அவரிடம் கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

வீட்டில் மனைவி மெஷினில் இருந்தாள். பக்கத்து வீட்டு இஸ்திரி அக்கா நாற்காலியில் சாய்ந்து போனில் அதே பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு ஒரு வாக்கியத்தை ஒரே தடவையில் முடிக்க முடியாது; தவணையில்தான் பேசுவாள்.

"இந்தப் பொண்ணுக்கு" என்றாள். மூச்சு வாங்கினாள். "ஆஸ்துமாவா?"

"இல்லக்கா, காதல்" என்றாள் மனைவி.

"பாவம். நான் வேணா... என்னோட மாத்திரைய... அனுப்பட்டுமா?"

மாமா சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. "உங்களுக்கு ரொம்ப சந்தோஷம் போல இருக்கே மாமா" என்றாள்.

"எனக்கென்ன சந்தோஷம்? ஷேவ் பண்ணியிருக்கேன், அதான் முகம் அப்படித் தெரியுது."

அந்த வாரமே கதவைத் தட்டினார்கள். தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் ஒருங்கிணைப்பாளர் என்று ஓர் இளம்பெண். கையில் பூங்கொத்து, காதில் ஏதோ கருவி. பாட்டு வீடியோவுக்குக் கீழே, பழைய கம்பெனிக்காரர் யாரோ 'அந்த மாமா எங்க தெருவுலதான் இருக்காரு' என்று எழுதியதைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"சார், நீங்கதான் அந்த மாமாவா? எனக்குப் புல்லரிக்குது சார். மேடம், நீங்கதான் அவருக்காகப் பாடினதா?"

"அவருக்காக இல்லம்மா, அவர எதிர்த்து" என்றாள் மனைவி. "அது ஸ்ட்ரைக் பாட்டு. இவர் வெளிய பூட்டிட்டு நின்னார். நாங்க உள்ள மூச்சு முட்டிக்கிட்டுக் கெடந்தோம்."

ஒருங்கிணைப்பாளரின் விரல்கள் போனில் பறந்தன. "அவர் கோவமா வெளிய. நீங்க தவிப்போட உள்ள. இதுக்குத் தமிழ்ல அழகான ஒரு வார்த்தை இருக்கு மேடம். ஊடல்."

மனைவி கத்தரியை எடுத்து ஒரு நூலை வெட்டினாள். அவள் வெட்ட நினைத்தது நூலை இல்லை என்றுதான் மாமாவுக்குத் தோன்றியது.

"ஊடல்னா?" என்று கேட்டாள் இஸ்திரி அக்கா.

"புருஷன் பொண்டாட்டி செல்லச் சண்டைங்க."

"அப்ப என் நுரையீரல்... யாரு கூட... செல்லச் சண்டை போட்டுச்சு?"

அந்தப் பெண்ணின் முகத்தில் நிஜமாகவே ஒரு வருத்தம் வந்தது. வந்த வேகத்தில் காதுக் கருவியில் யாரோ கூப்பிட, போய்விட்டது. "அந்த மாதிரி விஷயமெல்லாம் வேண்டாம்னு மேல சொல்லிடுவாங்கம்மா. குடும்பத்தோட பாக்குற நிகழ்ச்சி. சார் வந்து, பாடகி கையில ஒரு ரோஜா குடுத்தா போதும்."

அவள் போனதும் மனைவி மெஷினை நிறுத்தினாள்.

"போகப் போறீங்களா மாமா?"

"போனா என்ன? இத்தன வருஷம் திட்டு வாங்கியாச்சு. ஒரு நாள் கைதட்டு வாங்கிக்கறேனே."

"எதுக்குக் கைதட்டு? நல்லாப் பூட்டுனீங்கன்னா?"

பூங்கொத்தைத் தண்ணீரில் வைப்பதுபோல் பாவனை செய்தார்.

"இங்க பாருங்க" என்றாள். "ஜரிகை கட்டி ஆடட்டும், பூட்டுக்குள்ள பூந்து வரட்டும், எனக்கென்ன. ஆனா என் பாட்டுல ஒரு வரிய உருவிட்டாங்க. உத்தரவு மாடியில. மத்ததெல்லாம் கத்தல், பொகையில மாட்டுனா யாரும் கத்துவாங்க. பாட்டு அந்த ஒரு வரிதான். அத நான் யோசிச்சுப் போட்டேன். அதத் தூக்கிட்டு மடியில சாயறாளாம்."

அந்தக் கோபத்தில் கொஞ்சம் எழுத்தாளர் கோபமும் இருந்தது. மாமா அதைக் கவனித்தார். கவனித்ததைச் சொல்லாத அளவுக்கு அவருக்குப் புத்தி இருந்தது.

"அந்த மேடையில அந்த வரியச் சொல்லுங்க. என்ன அர்த்தம்னும் சொல்லுங்க. சொல்லிட்டு ரோஜா குடுங்க, ராக்கெட் குடுங்க. சொல்லாம வந்தீங்கன்னா, உங்கள மாமான்னு கூப்பிட எனக்கு வாய் வராது."

"சொல்றேன்" என்றார் மாமா. இந்த முறை 'ம்' இல்லை.

நிகழ்ச்சி நடந்த கூடத்தில் அவரை ஒரு கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, இருந்த வயதை மறைத்து இல்லாத வயதைப் பூசினார்கள். மினுக்கும் கோட்டு ஒன்றை மாட்டினார்கள், அக்குளில் பிடித்தது. தையல் நுணுக்கம் தெரிந்தவராதலால் எந்த இடத்தில் பிரித்துவிட்டால் சரியாகும் என்று சொன்னார். யாரும் கேட்கவில்லை. அட்டையில் செய்து தங்கக் காகிதம் ஒட்டிய சாவி ஒன்றை இடுப்பில் கட்டினார்கள். நிஜச் சாவி இத்தனை கனம் இருந்ததில்லை.

பாடகி வந்து அவர் தோளில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டாள். நேரில் பார்க்க நல்ல பெண்ணாகத்தான் இருந்தாள். களைத்திருந்தாள்.

"அங்கிள், இந்தப் பாட்ட நான் அப்படியே உள்வாங்கித்தான் பாடினேன். அந்த வலி இருக்கே, அது எனக்குப் புரியும். ஒரு மாசமா வெறும் காய்கறி ஜூஸ். மூச்சு முட்டுதுன்னு பாடும்போது எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

"அந்த நாலாவது வரி ஏம்மா மாத்தினீங்க?"

"எந்த வரி?"

"உத்தரவு மாடியில."

பாடகி தன் உதவியாளரைப் பார்த்தாள். உதவியாளர் இன்னொருவரைப் பார்த்தார். கடைசியாகப் பார்க்கப்பட்டவர், "அது ஆபீஸ் லெட்டர் மாதிரி இருந்துச்சு சார்" என்றார். "மடியிலன்னா ஒரு பீல் இருக்கு."

மேடையில் வெளிச்சம் அடித்தது. எதிரே இருட்டில் ஜனம். தொகுப்பாளர் வழவழப்பான ஆள். கேள்வி கேட்கும்போதே பதிலுக்குச் சிரித்துவிடுகிற ரகம். "இந்த ஊரையே கதவத் தட்ட வெச்ச மாமா" என்று அறிமுகம் செய்தார். கைதட்டல் எழுந்தது. மாமாவுக்குத் தன் பெயருக்குப் பின்னால் அப்படியொரு சத்தம் வந்ததே இல்லை. கதகதப்பாக இருந்தது.

"மாமா, ஒரே கேள்வி. சாவிய இடுப்புலயே வெச்சுக்கிட்டு அத்தைய ஏன் அப்படித் தவிக்க விட்டீங்க?"

மாமா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "சாவி என் இடுப்புலதான் இருந்துச்சு" என்றார். "ஆனா உத்தரவு மாடியில இருந்துச்சு. கதவு பூட்டியிருந்துச்சு. உள்ள பொக. என் பொண்டாட்டி உள்ள, மத்த பொம்பளைங்களும் உள்ள. நான் தொறக்காம மாடிக்குப் போனேன்."

கூடம் அமைதியானது. நிஜமான அமைதி. இருட்டில் யாரோ முன்னால் சாய்ந்து உட்கார்ந்தது தெரிந்தது. இன்னும் ஒரு வாக்கியம்தான் பாக்கி. மாடியில் முதலாளி விரலைத் தூக்கினார், நான் நின்றேன் என்று சொல்ல வேண்டும். மாமா மூச்சை இழுத்தார்.

தொகுப்பாளர் முந்திக்கொண்டார். "அத்தை கீழ, மாமா மாடிக்கு." புருவத்தைத் தூக்கினார். "மாடியில யாரு மாமா?"

கூடம் வெடித்தது. டிரம்ஸ்காரர் டமால் என்று ஒரு போடு போட்டார். பாடகி வாயைப் பொத்திக்கொண்டு அவர் முதுகில் தட்டினாள். அந்தச் சிரிப்பு அலை போல வந்து மாமாவைத் தூக்கியது. ஊரே உன்னோடு சேர்ந்து சிரிக்கும்போது நீ மட்டும் முகத்தை இறுக்கிக்கொண்டு நிற்பதென்றால் அதற்கு ஒரு முதுகெலும்பு வேண்டும். மாமா சிரித்தார். சிரித்துக்கொண்டே ரோஜாவைக் கொடுத்தார். ரோஜா பிளாஸ்டிக்.

ஒளிபரப்பு ஒரு சாயங்காலம். மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தார்கள். வரி வந்ததும் மனைவி நிமிர்ந்தாள். மாடிக்குப் போனேன் என்றதும் இஸ்திரி அக்கா அவர் கையைப் பிடித்தாள். பிறகு அந்தக் கேள்வி. பிறகு மாமாவின் சிரிப்பு, நெருக்கமான ஷாட்டில், பல்லெல்லாம் தெரிய. அது போதாதென்று மெதுவாக ஓடவிட்டு இன்னொரு முறை காட்டினார்கள்.

அக்கா கையை விட்டாள்.

"சொன்னீங்க" என்றாள் மனைவி. "இல்லன்னு சொல்லல."

"சொன்னேன்ல?"

"அப்புறம் சிரிச்சீங்க." எழுந்து டிவியை அணைத்தாள். "காப்பி ஆறுது, குடிங்க."

மாமா காத்திருந்தார். 'குடிங்க'வுக்குப் பின்னால் ஒரு சொல் விழ வேண்டும், அது விழவில்லை. மறுநாள் 'ஏங்க' என்று கூப்பிட்டாள். அதற்கு மறுநாள் 'இந்தாங்க'. குரலில் கோபம் இல்லை. மரியாதை இருந்தது. வங்கியில் டோக்கனுக்குக் கூப்பிடுகிற மாதிரியான மரியாதை.

ஜரிகைப் பாட்டை எடுத்த கம்பெனி சும்மா இருக்குமா. தொகுப்பாளரின் கேள்வி பிய்த்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்ததும் அதற்கொரு தாளம் போட்டு 'மாடியில யாரு மாமா' என்று அடுத்த பாட்டை இறக்கிவிட்டார்கள். இதில் பாடகி கீழே தவிக்கிறாள்; மாடியில் இன்னொரு நடிகை கூந்தலை உலர்த்துகிறாள். புகை இருந்தது, கலர் கலராக.

தெருவில் இறங்கினால் போதும். தண்ணீர் கேன் போடுகிறவர், மருந்துக்கடைக்காரர், சைக்கிளில் போகும் பையன்கள், எல்லோருக்கும் ஒரே கேள்விதான். மாடியில யாரு மாமா. ஆரம்பத்தில் மாமா சிரித்தார். பழகிப்போன தாடை. சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் 'ஏங்க'.

ஒருநாள் மருந்துக்கடையில் அக்காவின் மாத்திரைக்காக நின்றுகொண்டிருந்தார். கடைக்காரர் பொட்டலத்தை நீட்டிக் கண்ணடித்தார். "மாடியில யாரு மாமா?"

"முதலாளி" என்றார் மாமா.

"என்ன மாமா?"

"மாடியில முதலாளி இருந்தாரு. போன் பேசிட்டு இருந்தாரு. விரலத் தூக்கிக் கொஞ்சம் இருன்னாரு. நான் இருந்தேன். நீங்க குடுக்கறீங்களே இந்த மாத்திர, அது அந்த விரலுக்குத்தான்."

கடைக்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது. வரிசையில் நின்ற ஒருவர் வேறு கடைக்குப் போனார். மாமா விடவில்லை. மோட்டார் எந்தப் பக்கம் கருகியது, கதவு எந்தப் பக்கம் திறக்கும், காலர் பிரிவு எங்கே இருந்தது எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து ஊரில் ஒரு பெரிய ரம்பம் பிறந்தது. கேட்டவனை விடமாட்டார். நகைச்சுவைக்கு விளக்கம் சொல்கிற ஆளைப் போல ஓர் அறுவை உலகத்தில் கிடையாது. மாமா விளக்கத்துக்கே விளக்கம் சொல்கிற ஆளானார். தண்ணீர் கேன்காரர் கேனை வாசலில் வைத்துவிட்டு ஓடினார். சைக்கிள் பையன்கள் தெருவையே மாற்றிக்கொண்டார்கள். சலூன்காரர் அவர் வந்தால் கத்தியைச் சீக்கிரம் தொண்டையில் வைத்துவிடுவார். முகம் பார்க்காமல் ஒதுங்கிப்போவது மாமாவுக்குப் பழைய அனுபவம்தான். அன்றைக்கு அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நடந்தார். இப்போது அவர்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

வீட்டுக்குச் செய்தி வந்துகொண்டுதான் இருந்தது. மனைவி அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஒரு தடவை மட்டும், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "மோட்டார் கருகினது இடது பக்கம்னு சொல்றீங்களாமே. வலது பக்கம்" என்றாள்.

"திருத்திக்கறேன்" என்றார்.

தைத்த துணிகளைக் கொடுத்துவர இருவரும் கடைவீதிக்குப் புறப்பட்ட ஒரு காலை. பஸ் நிறுத்தத்தில் காதில் ஒயரோடு நின்ற இளைஞன் ஒருவன் அவரை அடையாளம் கண்டுகொண்டான். வெளியூர்ப் பையன் போலிருக்கிறது, எச்சரிக்கை எட்டவில்லை. ஒயரைக் கழற்றிவிட்டு ஆசையாகக் கேட்டான். "மாடியில யாரு மாமா?"

"உக்காருங்க தம்பி" என்றார் மாமா. "எங்க கம்பெனியில கதவ வெளியிலேருந்து பூட்டுவோம். பூட்டினது நான்."

பையன் சிரிக்கத் தயாராக வாயைத் திறந்து வைத்திருந்தான். புகை வந்த இடத்தில் வாய் மூடியது. மாமா கதையில் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தபோது அவனுடைய பஸ் வந்துவிட்டது.

"எனக்கு பஸ் வந்துடுச்சு மாமா" என்று அவன் ஏறினான்.

"விரலத் தூக்கினாரு தம்பி, அதக் கேக்காமப் போறீங்களே" என்று மாமாவும் பின்னாலேயே ஏறினார்.

"ஏங்க, அது நம்ம பஸ் இல்ல" என்று கத்தினாள் மனைவி. மாமாவுக்குக் கேட்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் முதலாளியின் விரலைக் காட்டிக்கொண்டிருந்தார். அவள் துணிப்பையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு நகரும் பஸ்ஸில் எட்டி ஏறினாள். முன் சீட்டில் போய் உட்கார்ந்தாள். பயணிகள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்:

"விரலத் தூக்கினது ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. நீங்க ரெண்டு தடவையும் நின்னீங்க. அதையும் சேத்துச் சொல்லுங்க."

பையன் இறங்க வேண்டிய நிறுத்தம் எது என்று நடத்துனர் கேட்டார். அவன் அவரைப் பார்க்காமல், "இருங்க சார், முடியட்டும்" என்றான்.